முப்பத்தெட்டாம் பக்கத்து ஜன்னல்

நோட்ஸ் அக்கா மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவள் முகத்துக்கு நேரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவளும் ஆமாம் என்று தலையாட்டுவாள். லிஃப்டில் தனியாக ஏற மாட்டாள். போன் மணி அடித்தால் முதலில் நெஞ்சில் கை வைப்பாள், அப்புறம்தான் எடுப்பாள். முதலாளி கூப்பிடுகிறார் என்றால் போதும், என்ன ஏது என்று தெரிவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்கத் தயாராகிவிடுவாள். இப்படிப்பட்டவள் எந்த வம்பில் போய் மாட்டப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். மாட்டினாள், பன்னிரண்டு வரியால். அந்தப் பன்னிரண்டு வரியை நச்சரித்து வாங்கியவள் நான்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் புத்தகம் போடுகிற கம்பெனி எங்களுடையது. பாடப் புத்தகத்தைத் திறக்கவே திறக்காமல் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் பிள்ளைகள் உருப்போடுவார்களே, அந்த நோட்ஸ். மொழிப்பாடத்துக்கு உள்ளதை எல்லாம் அக்காதான் எழுதுகிறாள், பதினாறு வருடமாக. அட்டையில் ‘அனுபவமிக்க ஆசிரியர் குழு’ என்று போட்டிருக்கும். குழுவும் அவள்தான், அனுபவமும் அவளுடையதுதான். அவள் எழுதுவதைக் கணினியில் பக்கங்களாக அமைப்பது என் வேலை. முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மார்ஜின். தாளை மிச்சம் பிடிப்பதற்காக வருடா வருடம் பக்க ஓரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார். இப்படியே போனால் எழுத்துகள் தாளை விட்டு வெளியே வந்து விழுந்துவிடும்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, தங்கைக்குப் பதின்மூன்று. தங்கையை அவள்தான் வளர்த்தாள், படிக்க வைத்தாள், மாப்பிள்ளையும் பார்த்தாள். மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் மொழி ஆசிரியர். எங்கள் நோட்ஸில் பிழை பார்த்துக் கொடுப்பதற்காகக் கம்பெனிக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர். கூராகச் சீவிய பென்சில், மடிப்புக் கலையாத சட்டை, அடுத்த மேஜைக்குக் கேட்காத குரல். குடி இல்லை, சீட்டு இல்லை. இந்த மாதிரி ஒரு மனிதரை யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். அக்கா அகமகிழ்ந்து போய்க் கட்டிக்கொடுத்தாள்.

பதினாலு வருடம் கழித்து, எட்டு மாதத்துக்கு முன்னால், தங்கை ஒரு பையோடு அந்த வீட்டை விட்டு வந்துவிட்டாள். இடது மணிக்கட்டில் கட்டு. வாத்தியார் கையை முறுக்கி உடைத்துவிட்டு, மருத்துவமனைக்கும் அவரே கூட்டிப்போய், “வழுக்கி விழுந்துட்டாங்க” என்று அதே மெல்லிய குரலில் சொல்லியிருக்கிறார். வீட்டை விட்டுப் போனால் தேடிக் கண்டுபிடித்து உயிரோடு விட மாட்டேன் என்று சொன்னதும் அதே குரலில்தானாம். போலீஸில் புகார் கொடுத்தார்கள். அங்கேயும் அவர் மெதுவாகப் பேசினார். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று தடவை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பு மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்று, “அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்று அக்காவிடம் கேட்டார். தெரியாது என்று அக்கா சொன்னாள். அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே துணிச்சலான பொய் அதுவாகத்தான் இருக்கும். தங்கை எங்கே இருக்கிறாள் என்பது எனக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை.

இந்த வருடம் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். ‘கதையின் கூறுகள்’ என்று புதிதாக ஒரு பாடம். களம், பாத்திரம், கதைப்பின்னல், முரண், நோக்குநிலை, உச்சம், மையக்கருத்து என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், ஒரு சிறு கதைப்பகுதி, ஐந்து கேள்வி. விளக்கம் எழுதுவதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கதைப்பகுதிதான் தகராறு. முன்பு ஒரு தடவை யாருடைய கதையையோ கேட்காமல் எடுத்துப் போட்டு வக்கீல் நோட்டீஸ் வந்ததிலிருந்து, எடுத்துக்காட்டெல்லாம் சொந்தச் சரக்காக இருக்க வேண்டும் என்று மார்ஜின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா களத்துக்கு எழுதிக் கொடுத்தது இது: ‘ஓர் ஊரில் ஒரு வீடு இருந்தது. அது பெரிய வீடு. அதைச் சுற்றி மரங்கள் இருந்தன.’

பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பாதிப் பக்கம் காலி.

“அக்கா, அரைப்பக்கம் சும்மா நிக்குது. இன்னும் பன்னெண்டு வரி வேணும்.”

“மரத்தைப் பத்தி ரெண்டு வரி சேர்க்கட்டுமா?”

“மரத்தை விடுங்கக்கா. மரம் எல்லா ஊர்லயும்தான் இருக்கு. நீங்க நிஜமாப் பார்த்த இடம் ஏதாவது எழுதுங்க. படிச்சா கண்ணு முன்னாடி வரணும்.”

மறுநாள் பன்னிரண்டு வரி வந்தது. பாத்திரத்துக்கு ஒரு முழுப் பத்தியும் வந்தது. பக்கம் நிரம்பியது, எனக்கு நிம்மதி. படித்தேனா என்றால் இல்லை. பக்கம் அமைக்கிறவர்கள் படிப்பதில்லை. பத்தி எங்கே முடிகிறது, கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறதா, அதைத்தான் பார்ப்போம். புத்தகம் அச்சுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது.

முதல் கட்டு வந்த இரண்டாம் நாள், சாப்பாட்டு வேளையில் கையில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, மார்ஜின் இந்தத் தடவை எவ்வளவு ஓரத்தைத் தின்றிருக்கிறார் என்று புரட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் கண் நின்றது.

‘அது இரண்டாம் மாடியில் இடது ஓரத்து அறை. கீழே தையல் கூடம். பகல் முழுவதும் இயந்திரங்களின் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறும். ஜன்னலைத் திறந்தால் மூடிக்கிடக்கும் திரையரங்கின் பின்சுவர். அதில் எப்போதோ வரைந்த சர்க்கஸ் விளம்பரம். யானையின் தும்பிக்கை மட்டும் உரிந்துவிட்டது. பன்னிரண்டாம் எண் பேருந்து முனையில் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் கையில் உள்ளதை வைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பாள்.’

எதிரே அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க” என்றேன். “சினிமாக் கொட்டகைக்குப் பின்னாடி சந்துதானே? என் சட்டையெல்லாம் அங்கதான் பிடிக்கக் குடுப்பேன்.”

அக்காவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

“நான் பேரு எதுவும் போடலையே. ஊரு போடல, தெரு போடல.”

“பேரு எதுக்குக்கா. தும்பிக்கை இல்லாத யானை இந்த ஊர்ல ஒரே ஒரு சுவத்துலதான் நிக்குது.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. டப்பாவை மூடினாள், மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். தங்கை அங்கேதான் இருக்கிறாள் என்றாள். கீழே உள்ள கூடத்தில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற வேலை, மேலே அந்த அறை. எழுத உட்கார்ந்தபோது வேறு எந்த இடமும் மனசில் வரவில்லையாம். பேரைப் போடாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டாளாம். களம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்கம் எழுதியவள் சொன்ன பேச்சு இது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பன்னிரண்டு வரி கேட்டது யார் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

“நாப்பத்தொண்ணாம் பக்கம் பாரு” என்றாள் அக்கா.

பாத்திரப் படைப்புக்கான பகுதி. வீட்டுக்கு வந்ததும் வாசலில் செருப்புகளை அளவெடுத்த மாதிரி ஒரே வரிசையில் வைக்கிற ஒருவன். சத்தமே போடாமல் பேசுகிற ஒருவன். அவன் பேச ஆரம்பித்தால் வீட்டில் மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு வரி படித்ததுமே நிறுத்திவிட்டேன், ஆளைத் தெரிந்துவிட்டது. அவர் யாரென்று எழுதும்போது தெரியவில்லை, யாரோ ஒரு ஆள் மனசில் வந்தார், எழுதினேன் என்று அக்கா கையைப் பிசைந்தாள்.

மாதிரிப் பிரதிகள் எந்தெந்தப் பள்ளிக்குப் போயிருக்கின்றன என்று அனுப்புகைப் பட்டியலை எடுத்தேன். எடுக்கும்போதே தெரியும். வாத்தியார் வேலை பார்க்கிற பள்ளியின் மொழித்துறைக்கு மூன்று பிரதி, முந்தின நாள் மாலையில் போய்ச் சேர்ந்திருந்தது. இந்த எட்டு மாதத்தில் எங்கள் கம்பெனியோடு பிழை பார்க்கிற சங்காத்தத்தை அவர் விட்டுவிட்டாலும், நோட்ஸ் வந்தால் பென்சிலோடு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் விட மாட்டார். அது அவருக்கு ஒரு பழக்கம்.

மாற்றுப் பிரதி தருகிறோம் என்று சொல்லி அந்த மூன்றையும் வாங்கி வந்துவிடலாம் என்றேன். அக்காவை அவருக்குத் தெரியும், அதனால் உள்ளே போக வேண்டியது நான். அவசரத்திலும் ஒரு வேலை செய்தேன். அச்சில் பிழை வந்துவிட்டால் எங்கள் தொழிலில் முதலில் செய்வது பிழைத்திருத்தச் சீட்டு அடிப்பது. பக்கம், வரி, தவறு, சரி. எத்தனை வருடமோ செய்த கை, மூளையைக் கேட்காமலேயே அடித்துவிட்டது. அக்கா பக்கத்தில் நின்று, “நாலாவது வரி இல்ல, அஞ்சாவது” என்று திருத்தம் வேறு சொன்னாள். சீட்டை எடுத்து, நன்றாக இருக்கிறதா என்று தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டேன். எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்குக்கூட அப்போது புத்தி வேலை செய்யவில்லை.

பள்ளிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அக்காவை அதற்குள் நிற்க வைத்துவிட்டு நான் கேட்டைத் தாண்டினேன். ஆசிரியர்கள் அறை முதல் தளத்தில் இருந்தது. வகுப்பு நடக்கிற நேரம். நீள மேஜையின் கோடியில் அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். முன்னால் எங்கள் நோட்ஸ், கையில் பென்சில்.

“வாங்கம்மா, உட்காருங்க” என்றார். அவ்வளவு மரியாதை. “கம்பெனியிலிருந்துதானே? இருபதாம் பக்கம் வரைக்கும் வந்திருக்கேன். ஆறு பிழை.”

இருபது. இன்னும் பதினெட்டுப் பக்கம் இருக்கிறது. போன உயிர் திரும்பி வந்தது.

“இந்தக் காப்பியில பிரச்சனை சார். மூணையும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. புதுசு அனுப்பிடுவோம்.”

“என்ன பிரச்சனை?”

“அச்சுப் பிழை சார்.”

“அதைத்தானே நான் பார்த்துட்டிருக்கேன். எந்தப் பக்கம்?”

குரல் ஏறவில்லை. பார்வை மட்டும் என் முகத்தை விட்டு நகரவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். மார்ஜினிடம் ஒரு நாளைக்கு இரண்டு பொய் சொல்கிறவள்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் ஒன்றும் வரவில்லை. அச்சடித்த தாள் என்னைக் காப்பாற்றும் என்று எந்தச் சனி என் தலையில் உட்கார்ந்து சொன்னதோ, பையைத் திறந்து சீட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை மேஜை மேல் நேராக வைத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாகப் படித்தார். ‘பக்கம் 38, வரி 5: தும்பிக்கை உரிந்த யானை பற்றிய வாக்கியத்தை நீக்குக. வரி 6: பன்னிரண்டாம் எண் என்பதை நீக்கி வாசிக்கவும். பக்கம் 41, இரண்டாம் பத்தியை முழுவதும் நீக்குக.’

அவர் படிக்கப் படிக்கத்தான் நான் என்ன கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. உச்சம் என்ற தலைப்புக்கு அக்கா எழுதியிருந்த விளக்கம், இதற்கு மேல் பதற்றம் ஏற முடியாது என்கிற இடம் என்பது. சுத்தப் பொய். அவர் இருபதாம் பக்கத்திலிருந்து முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போனார். படித்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போனார். அதையும் நிதானமாகப் படித்தார். மறுபடி முப்பத்தெட்டுக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இரண்டு பிரதிகளை எடுத்து ஓரம் பிசகாமல் அடுக்கி என் பக்கம் தள்ளினார்.

“இது ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணை நான் வெச்சுக்கறேன். பிழை இல்லாத பக்கத்தைப் போய்த் திருத்தறீங்களே.”

நான் எழுந்தேன்.

“அக்கா வெளியில நிக்கறாங்களா?” என்றார். “உள்ள வரச் சொல்லியிருக்கலாமே. ரொம்ப நல்லா எழுதறாங்க.”

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஜெராக்ஸ் கடையிலிருந்து அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். சீட்டைக் கொடுத்துவிட்டேன் என்பதைச் சொன்னபோது அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கிடைத்த வண்டியில் ஏறி, கொட்டகைக்குப் பின்னால் இறங்கும்வரை அக்கா தங்கைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை மேலே அறையில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது கூடத்து விதியாம்.

தையல் கூடத்தில் இருபது பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டும் மேஜைக்குப் பின்னால் கட்டிங் மாஸ்டர். மாஸ்டர் என்றால் ஆண் இல்லை, ஐம்பது வயதுப் பெண். கழுத்தில் அளவுநாடா, கையில் முழநீளக் கத்திரிக்கோல். தங்கை அவர்களுக்குப் பின்னால் காஜா இயந்திரத்தில் தனியாக இருந்தாள். அக்காவைக் கண்டதும் இயந்திரத்திலிருந்து காலை எடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வர்றாரா?” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் கதை தெரிந்த மாஸ்டர், போங்கள் என்று மாடிப்படியைக் காட்டினாள்.

மூன்று பேரும் மாடிக்கு ஓடினோம். அறை முப்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தபடியே இருந்தது. ஒரு பாய், ஒரு பை, கொடியில் இரண்டு துணி. எட்டு மாதத்தில் அவள் சேர்த்திருந்த சொத்து ஜன்னலோரத்தில் வைத்திருந்த ஒரு கண்ணாடி டம்ளரும் அதில் வேர் விட்டிருந்த ஒரு செடியும்தான். அவள் துணியைப் பைக்குள் திணித்தாள். கண்ணாடி நடுங்கியது. பன்னிரண்டாம் எண் பஸ் திரும்புகிறது என்று நான் மெல்ல எட்டிப் பார்த்தேன்.

பஸ் போனபின் எதிர்ச் சுவரோரம் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் புத்தகம், முப்பத்தெட்டாம் பக்கத்தில் விரல். யானையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். திரும்பி எங்கள் கட்டிடத்தைப் பார்த்தார். பென்சிலால் தளத்தை எண்ணினார், ஒன்று, இரண்டு. அப்புறம் பென்சில் இடது பக்கமாக நகர்ந்தது.

மூன்று பேரும் தரையோடு தரையாகக் குந்திவிட்டோம். இயந்திரங்களின் சத்தம் தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. தங்கைக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அக்கா அவளை இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள், ஆனால் நடுங்கியது யார் உடம்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மாடிப்படி கூடத்தின் பின்பக்கமாகத்தான் இறங்குகிறது. அதை ஒட்டித் துணி மூட்டை ஏற்றுகிற பின்வாசல். முன்வாசலிலிருந்து படி தெரியாது, நடுவில் ஆளுயரத் துணி அலமாரி நிற்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். பாதிப் படியில் நிற்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அவர் கூடத்துக்குள் வந்துவிட்டார். அலமாரி இடுக்கு வழியாக அவர் சட்டைக் கையும் புத்தகமும் மட்டும் தெரிந்தன.

ஒரு இயந்திரம் நின்றது, இன்னொன்று நின்றது. அவர் பேச ஆரம்பித்தார். அந்தக் குரலைக் கேட்டதும் தங்கை இறங்குவதை விட்டுவிட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். அவர் கூப்பிட்டால் போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் அதிகம் பயந்தது அந்த நொடியில்தான்.

மாஸ்டர் கத்திரிக்கோலால் மேஜையைத் தட்டினாள்.

“யாரு மெஷினை நிறுத்தச் சொன்னது? ஓட்டுங்க எல்லாரும். வேகமா.”

இருபது இயந்திரமும் ஒரே சமயத்தில் ஓடின. அவர் வாய் அசைந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன சார்? சத்தமா சொல்லுங்க. இங்க எல்லாருக்கும் காது மந்தம்” என்று மாஸ்டர் கத்தினாள்.

அவர் சொன்னதை மறுபடி சொன்னார். மாஸ்டர் காதைக் காட்டினாள். மூன்றாம் தடவை அவர் குரல் ஏறியது. நாலாம் தடவை அவர் கத்தினார். தங்கையின் பேரைச் சொல்லி, அவளை என்ன செய்வேன் என்று, தெரு முனைக்குக் கேட்கிறமாதிரி கத்தினார். பதினாலு வருடம் வீட்டுக்குள் காதோடு காதாகச் சொன்னதை எல்லாம் இருபது பெண்களுக்கு முன்னால் தொண்டை கிழியச் சொன்னார். ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. கால் மிதித்துக்கொண்டே இருந்தது, ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் மீதிப் படியை இறங்கி, பின்வாசலில் நின்ற மூட்டை வண்டியில் ஏறி, துணிக்கட்டுகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டோம்.

என் வீட்டுக்குப் போனோம். அவருக்கு என் முகம் தெரியும், வீடு தெரியாது. மாலையில் மாஸ்டர் போன் செய்தாள்.

“போயிட்டான். நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன். அவன் பேசினதுக்கு இருபது பேர் சாட்சி. இந்தத் தடவை குடும்ப விஷயம்னு சொல்லட்டும், பார்க்கறேன்.”

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தங்கை அழவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், பாதி குடித்தாள். அப்புறம் என் பையில் துருத்திக்கொண்டிருந்த அந்த இரண்டு பிரதிகளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவள் கதைதானே, அவள் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முப்பத்தெட்டைப் படித்தாள். பக்கத்தைத் திருப்பித் திருப்பி நாற்பத்தொன்றுக்குப் போனாள். அங்கே ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“அக்கா” என்றாள். “இதுல ஒரு வரி இருக்கே.”

மெதுவாக, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி வாசித்தாள்.

“‘காலையில் பால் பாத்திரத்தில் பால் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவான். மாலையில் வந்ததும் அவன் முதலில் பார்ப்பது மனைவியின் முகத்தை அல்ல, அந்தக் கோட்டை.’”

“ம்” என்றாள் அக்கா.

“இதை நான் உன்கிட்ட சொன்னதே இல்லையே. யார்கிட்டயும் சொன்னதில்ல. வெட்கமா இருக்கும்.”

அக்கா டீ டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் வந்து தங்கினேனே” என்றாள் அக்கா. “உனக்குக் கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். மூணு நாள்.”

“அப்பவே பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“செருப்பு, கோடு, எல்லாம்?”

“எல்லாம் பார்த்தேன்.”

தங்கை புத்தகத்தை மூடினாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஊருக்குக் கிளம்பறப்ப வாசல்ல நின்னுட்டு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளை தங்கமான ஆளு, நீதான் அனுசரிச்சு நடந்துக்கணும்னு சொன்னே.”

“எனக்குப் பயமா இருந்துச்சு” என்றாள் அக்கா. “உன்னைக் கூட்டிட்டு வந்துட்டா அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல. சத்தியமாப் பயமா இருந்துச்சு.”

“உனக்கு மூணு நாள் பயமா இருந்துச்சு” என்றாள் தங்கை. “எனக்குப் பன்னெண்டு வருஷம்.”